தன்பொறுப்பும் மேற்பார்வையும்: கண் மருத்துவ மேற்படிப்புக்கு இடம் தேர்தல்

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த குடிபாலா மண்டலத்திலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்புக்குத் தயாராகும் மாணவருக்கு, ஓர் இரவுப் பயணத்துக்குள் எட்டக்கூடிய தொலைவில், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இயல்புடைய பயிற்சிக் களங்கள் பல இருக்கின்றன. வடக்கே திருப்பதியில் 1960இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், ஊரார் ரூயா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் அதன் அரசு மருத்துவமனையும், தேவஸ்தானம் அளித்த நிலத்தில் 2019இல் செயல்படத் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. தெற்கே வேலூரில், ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த ஷெல் மருத்துவமனையின் ஆரணி சாலை வளாகத்தில் சி.எம்.சி.யின் கண் மருத்துவத் துறை இயங்குகிறது. சென்னைக்குப் போனால் 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் 1978இல் தோன்றிய சங்கர நேத்ராலயாவும், இன்னும் தொலைவில் மதுரை அரவிந்தும் (1976) ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் நிறுவனமும் (1987) இருக்கின்றன. கட்டணம், உதவித்தொகை, பாண்டு எனப்படும் கட்டாயப் பணி ஒப்பந்தம் ஆகியவற்றை ஒப்பிடுவது எளிது, ஏனெனில் அவை கலந்தாய்வுக் கையேட்டில் அச்சாகியிருக்கும். எந்தக் கையேட்டிலும் அச்சாகாத ஒரு கேள்வியையே இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது: மாணவர் எந்த அளவுக்குத் தன்பொறுப்பில் சிகிச்சை செய்ய விடப்படுகிறார், எந்த அளவுக்கு மூத்தவரின் கண் அவர் மீது இருக்கிறது என்பதே அது.

நுழைவு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.எஸ். பட்டமும், தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. பட்டமும் மூன்றாண்டுப் படிப்புகள். இரண்டுக்கும் நீட் பி.ஜி. தேர்வே வாயில். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., புதுச்சேரி ஜிப்மர் போன்றவற்றுக்கு மட்டும் ஐ.என்.ஐ. சி.இ.டி. என்ற தனித் தேர்வு உண்டு. மாநில அரசுக் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுவதால், ஆந்திரத்தில் வசிக்கும் தமிழ் மாணவருக்கு எழும்பூரும் கூட அந்த வழியில் எட்டும். பெரிய கண் மருத்துவ நிறுவனங்கள் பெரும்பாலும் டி.என்.பி. இடங்களை அளிக்கின்றன. மருத்துவக் கல்லூரிகள் எம்.எஸ். தருகின்றன. பட்டத்தின் பெயரை வைத்துப் பயிற்சியின் தரத்தை முடிவு செய்வது பழைய பழக்கம், அதை விட்டுவிடுவதே நல்லது.

கலந்தாய்வுக் காலத்தில் மாணவர்கள் சீனியர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் முதல் கேள்வி, ‘அங்கே கட்டிங் எப்படி?’ என்பதாகும். கட்டிங் என்பது அறுவை சிகிச்சையை மாணவர் தம் கையால் செய்யக் கிடைக்கும் வாய்ப்பைக் குறிக்கும் விடுதிச் சொல். கேள்வி இயல்பானது, ஏனெனில் கண்புரையைக்கூடத் தனியே அகற்றத் தெரியாமல் பட்டம் பெற்று வெளியேறும் மருத்துவர்கள் நம் நாட்டில் புதியவர்கள் அல்லர், அப்படி வெளியேறியவர் அனுபவிக்கும் தயக்கம் அவருடைய தொழில் வாழ்வு முழுவதையும் பாதிக்கக்கூடியது. ஆனால் இந்தக் கேள்விக்கு ‘நிறையக் கிடைக்கும்’ என்று வரும் பதில் இரண்டு முற்றிலும் வேறான நிலைமைகளை ஒரே சொல்லுக்குள் மறைத்துவிடுகிறது. மாணவரின் கையை மாதக்கணக்கில் கவனித்து, இனி இவரால் முடியும் என்று கண்டுகொண்ட ஆசிரியர் விலகி நிற்பதால் கிடைக்கும் வாய்ப்பு ஒன்று; ஆசிரியர் அரங்குக்கே வராததால் கிடைக்கும் வாய்ப்பு மற்றொன்று. இரண்டிலும் மாணவர் தனியாகத்தான் அமர்ந்திருப்பார், இரண்டிலும் எண்ணிக்கை ஏறும். முதல் வகையில் கற்றவரும் இரண்டாம் வகையில் கற்றவரும் ஐந்தாண்டு கழித்து ஒரே மாதிரியான அறுவை மருத்துவராக இருக்கமாட்டார்கள்.

மேற்பார்வையையும் தன்பொறுப்பையும் ஒரு தராசின் இரு தட்டுகளாகக் கருதி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று எண்ணுவதே இத்தேர்வில் நேரும் முதன்மையான பிழை. வில்லியம் ஹால்ஸ்டெட் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவாக்கிய பயிற்சி முறை, இன்று உலகெங்கும் உள்ள உறைவிடப் பயிற்சிக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அதன் உயிர்நாடி, பொறுப்பு படிப்படியாகக் கைமாற வேண்டும் என்பதுதான். மேற்பார்வைக்கும் அப்படியே பல படிகள் உண்டு. ஆசிரியர் செய்ய மாணவர் உதவுவது, மாணவர் செய்ய ஆசிரியர் கையுறையோடு அருகில் அமர்ந்திருப்பது, அதே அறையின் அடுத்த மேசையில் ஆசிரியர் வேறொரு நோயாளிக்கு அறுவை செய்துகொண்டிருப்பது, வளாகத்துக்குள் இருந்து அழைத்தால் வருவது, முடிந்தபின் முடிவை மட்டும் பார்ப்பது என்று அது மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். ஒரு நல்ல துறையில் முதலாண்டு மாணவர் முதற்படிகளிலும் மூன்றாமாண்டு மாணவர் இறுதிப்படிகளிலும் இருப்பார். ஆகவே தேர்வு செய்பவர் அறிய வேண்டியது, மூன்றாண்டுகளில் அந்தப் பிடி எப்படித் தளர்கிறது, அதைத் தளர்த்துவது யார், எதைப் பார்த்துத் தளர்த்துகிறார் என்பதே. மூன்றாமாண்டிலும் முதலாண்டைப் போலவே காக்கப்படும் மாணவரும், முதலாண்டிலேயே மூன்றாமாண்டைப் போல் விடப்படும் மாணவரும் ஒரே குறையின் இரு முகங்கள்.

அறுவை அரங்கில்

தென்னிந்தியாவில் பெரும்பாலான மாணவர்கள் முதலில் கற்பது எஸ்.ஐ.சி.எஸ். எனப்படும், தையல் தேவைப்படாத சிறுதுளைக் கண்புரை அறுவை. கண்ணின் வெண்பகுதியில், கருவிழியின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், ஆறேழு மில்லிமீட்டர் அகலத்தில் பிறைக்கத்தியால் ஒரு சுரங்கம் வெட்டி, அதன் வழியே புரை படர்ந்த லென்ஸின் கருவை வெளியே எடுத்து, உள்விழி லென்ஸ் பொருத்துவது இம்முறை. சுரங்கம் மேலாகப் போனால் அதன் கூரை கிழியும், ஆழமாகப் போனால் கத்தி உரிய இடத்துக்கு முன்பே கண்ணுக்குள் நுழைந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தை, கத்தியின் உலோகம் வெண்படலத்தின் அடியில் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டுதான் அறிய முடியும். அந்த மங்கலின் அளவைச் சொற்களால் கற்பிக்க இயலாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஒரே உருப்பெருக்கத்தில் அதைப் பார்த்து, ‘இது போதும், இன்னும் கீழே போகாதே’ என்று சொல்லும் கணத்தில்தான் அது கைமாறுகிறது.

இதற்குத்தான் அறுவை நுண்ணோக்கியின் பக்கவாட்டில் சைடு ஸ்கோப் எனப்படும் இரண்டாம் பார்வைக்குழல் இருக்கிறது. ஒரு துறையைப் பார்வையிடச் செல்லும் மாணவர் வேறு எதையும் பார்க்க நேரமில்லாவிட்டாலும், மாணவர்கள் அமரும் நுண்ணோக்கியில் சைடு ஸ்கோப் பொருத்தப்பட்டிருக்கிறதா, அது துடைத்துப் பயன்பாட்டில் இருக்கிறதா, அல்லது உறை போட்டு மூலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும். பாக்கோ எனப்படும் நுண்ணொலி அறுவையில் நிலைமை இன்னும் நுட்பமானது. 1967இல் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய இம்முறையில் மாணவரின் கைகளோடு கால்களும் வேலை செய்கின்றன. பெடலின் முதல் நிலையில் நீர் பாயும், இரண்டாம் நிலையில் உறிஞ்சலும் சேரும், மூன்றாம் நிலையில் நுண்ணொலி இயங்கி லென்ஸை உடைக்கும். ஆசிரியரால் மாணவரின் கையைப் பார்க்க முடியும், காலைப் பார்க்க முடியாது. அதனால் பழகிய ஆசிரியர் கருவி எழுப்பும் ஒலி மாறுவதைக் கேட்டே, மாணவர் தேவையற்ற நேரத்தில் மூன்றாம் நிலைக்குப் போகிறார் என்பதைக் கண்டுகொள்வார். அடுத்த மேசையிலிருந்து வேறு வேலையில் இருக்கும் ஒருவரால் இது இயலாது. பாக்கோவைத் தொடங்கும் மாணவருக்கு வேண்டியது அருகில் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் மேற்பார்வையே.

நல்ல பயிற்சிக் களங்கள் ஒரு முழு அறுவையை மாணவரிடம் எடுத்த எடுப்பில் தருவதில்லை. அதன் படிகளைப் பிரித்து, ஆபத்துக் குறைந்த படிகளிலிருந்து தொடங்குகின்றன. இறுதியில் வரும் லென்ஸ் பொருத்துதல், எஞ்சிய புறணியை உறிஞ்சி எடுத்தல் போன்றவற்றை முதலில் தந்து, பின்னோக்கி நகர்ந்து, சுரங்கம் வெட்டுதலையும் லென்ஸின் உறையைத் திறத்தலையும் கருவை வெளியேற்றுதலையும் பின்னால் தருவது ஒரு முறை. இதற்கும் முன்னால் வெட் லேப் எனப்படும் பயிற்சிக் கூடத்தில் ஆட்டுக்கண்களில் தையலும் சுரங்கமும் பழக வேண்டும். வெட் லேப் இருக்கிறது என்று எல்லாத் துறைகளும் சொல்லும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது, ஆட்டுக்கண் வாங்கி வருவது யாருடைய பொறுப்பு, கடைசியாக அது எப்போது திறக்கப்பட்டது என்று கேட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

மேற்பார்வையின் தரம் உண்மையில் வெளிப்படுவது விபத்தின்போது. லென்ஸைத் தாங்கும் பின் உறை கிழிந்துபோவதை மாணவர்கள் பி.சி. ரென்ட் என்பார்கள். அது நேர்ந்தால் பின்னாலுள்ள விட்ரியஸ் என்ற கூழ் முன்னால் வந்துவிடும். பதற்றத்தில் கருவியை வெடுக்கென்று வெளியே இழுப்பவர் கிழிசலைப் பெரிதாக்கி, அந்தக் கூழையும் இழுத்து, விழித்திரைக்குக் கேடு தேடுவார். கருவியை எடுப்பதற்கு முன் பசைநீர்மத்தைச் செலுத்தி அழுத்தத்தைக் காக்க வேண்டும், கூழை வெட்டியெடுக்கும் கருவியை வரவழைக்க வேண்டும், எந்த லென்ஸை எங்கே வைப்பது அல்லது இன்று வைக்காமல் விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இந்த நேரத்தில் மாணவரை எழுப்பிவிட்டு ஆசிரியர் அமர்வது பெரும்பாலும் சரியே, ஏனெனில் மேசையில் இருப்பது ஒரு மனிதரின் கண். ஆனால் எழுப்பப்பட்ட மாணவர் அரங்கை விட்டு அனுப்பப்படுகிறாரா, அல்லது சைடு ஸ்கோப்பில் அமர்த்தப்பட்டு அடுத்து நடப்பதைப் பார்க்கச் சொல்லப்படுகிறாரா என்பதில்தான் ஒரு துறை மாணவரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரிகிறது. சில மாதங்கள் கழித்து அதே சிக்கலை ஆசிரியர் அருகில் இருக்க மாணவரே கையாள விடப்படுகிறாரா என்பதும் கேட்க வேண்டியது. சிக்கலைச் சமாளிக்கவே கற்காத ஒருவரின் கையில் ஆயிரம் சிக்கலற்ற அறுவைகள் இருந்தாலும் அவர் தனியே நிற்கத் தகுதி பெற்றவர் ஆகமாட்டார்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் கண் மருத்துவப் பயிற்சி முடிக்கும் மருத்துவர் முதன்மை அறுவையாளராகக் குறைந்தது 86 கண்புரை அறுவைகள் செய்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கண் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, அங்குள்ள நீண்ட பயிற்சிக் காலத்தில் 350 அறுவைகளை நெடுங்காலம் எதிர்பார்த்து வந்தது. நம் நாட்டில் ஒரே மாநிலத்துக்குள் ஒரு கல்லூரியின் மாணவர் சில பத்துகளோடும் மற்றொரு நிறுவனத்தின் மாணவர் பல நூறுகளோடும் வெளியேறுவது சாதாரணம். எண் முக்கியம்தான், கை பழகுவதற்கு மாற்று வழி கிடையாது. ஆனால் அமெரிக்க மாணவரின் 86இல் ஒவ்வொன்றின் முக்கியக் கட்டங்களிலும் பொறுப்பு மருத்துவர் அரங்கில் இருந்தாக வேண்டும் என்பதை மறந்து, எண்ணை மட்டும் ஒப்பிட்டு நாம் முன்னேறியிருக்கிறோம் என்று பெருமை கொள்வதில் பொருளில்லை.

எண்ணைவிடக் கூடுதலாகப் பேசுவது லாக் புக் என்ற பதிவேடு. ஒவ்வொரு அறுவைக்கும் எதிரே, பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது என்ற நான்கு நிலைகளில் எது என்று அதில் குறிப்பது வழக்கம். ஒரு சீனியரின் பதிவேட்டை வாங்கிப் பார்க்க முடிந்தால், மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு அவர் எந்த மாதத்தில் நகர்ந்தார் என்பதையும், ஆசிரியரின் கையெழுத்துகள் வாரந்தோறும் இடப்பட்டவையா அல்லது இறுதித் தேர்வுக்கு முன்னால் ஒரே மையில் ஒரே மூச்சில் இடப்பட்டவையா என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். உலகக் கண் மருத்துவக் கழகம் வகுத்த ஆஸ்கார் என்ற மதிப்பீட்டுப் படிவம், அறுவையின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, மாணவர் தொடக்க நிலையில் இருக்கிறாரா தேர்ச்சி பெற்றுவிட்டாரா என்று காட்டுகிறது. அத்தகைய படிவம் பயன்படும் துறையில் தன்பொறுப்பு என்பது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்து அமையாது.

செய்த அறுவையின் பின்விளைவை மாணவர் காண்கிறாரா என்பதும் இதைச் சார்ந்ததே. நல்ல கண்புரை அறுவைகளில் நோயாளியின் அன்றாடப் பார்வை 6/18 அல்லது அதற்கு மேல் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு இருக்க வேண்டும், 6/60க்கும் கீழான மோசமான பார்வை 5 விழுக்காட்டினருக்குள் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அளவுகோல். மறுநாள் காலையில் கட்டுப் பிரிப்பதும், ஆறாம் வாரத்தில் கண்ணாடி எழுதுவதும் வேறொருவர் வேலையாக இருக்கும் இடத்தில், தம் சதவீதம் எது என்றே தெரியாமல் மாணவர் நூறு அறுவைகளைச் செய்து முடித்துவிடக்கூடும்.

ஓசையின்றி நேரும் பிழைகள்

இத்தனையும் அறுவை அரங்கைப் பற்றியது. மாணவர்கள் விசாரிப்பதும் அதைப் பற்றி மட்டுமே. ஆனால் மேற்பார்வை இன்மையின் மிகப் பெரிய விலை புறநோயாளிப் பிரிவில்தான் கொடுக்கப்படுகிறது. அறுவையில் உறை கிழிந்தால் அந்த நொடியே தெரியும், ஆசிரியரை அழைக்கலாம், மறுநாள் கண்ணைப் பார்த்து வருந்தவும் திருந்தவும் செய்யலாம். புறநோயாளிப் பிரிவில் தவறவிடப்பட்ட கிளாகோமா, அதாவது கண்ணின் உள்ளழுத்தத்தால் பார்வை நரம்பு சிறுகச் சிறுக அழியும் நோய், எந்த ஓசையும் எழுப்பாது. கண்ணாடி எழுதி அனுப்பப்பட்ட நோயாளி பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவமனையில் பார்வையிழந்தவராக வந்து நிற்பார். முதலில் பார்த்த மாணவருக்கு அது ஒருபோதும் தெரியவராது, ஆகவே அவர் அதிலிருந்து எதையும் கற்கவும் மாட்டார். குழந்தையின் கண்மணியில் தெரிந்த வெள்ளை ஒளி விழித்திரைப் புற்றாக இருக்கலாம் என்பதைத் தவறவிடுவதும் இதே வகைதான்.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் இதற்கு மிகத் துயரமான சான்று. 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்குப் பிறந்து ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்துவிட வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். 1996இல் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை பறிபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015இல் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் தவறான அறுவை என்று எதுவும் இல்லை. செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யச் சொல்ல உரிய நேரத்தில் ஒருவர் இல்லை.

ஆகவே, நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில் மாணவர் எழுதும் சீட்டை மூத்தவர் எவரேனும் பார்க்கிறாரா, ஐயம் எழுந்த நோயாளியை அழைத்துச் சென்று காட்ட ஓர் அறையும் ஓர் ஆளும் இருக்கிறார்களா என்பது, கட்டிங்கைவிட முதன்மையான கேள்வி. இதற்கு மறுபக்கமும் உண்டு. பணிகள் நுட்பமாகப் பங்கிடப்பட்ட பெரிய நிறுவனங்களில் கண்ணாடி அளவெடுப்பது, உள்ளழுத்தம் பார்ப்பது, லென்ஸின் அளவைக் கணிப்பது எல்லாம் பயிற்சி பெற்ற உதவியாளர்களின் வேலையாக இருப்பதால், மாணவர் தாமே ரெட்டினோஸ்கோப்பைப் பிடித்துப் பழகும் வாய்ப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நிலக்கடலையும் கரும்பும் விளையும் சித்தூர் வட்டாரத்தில் இலையோ தூசியோ கண்ணில் கிழித்து உண்டாகும் கருவிழிப் புண்களில் பூஞ்சையால் வருபவை பெரும் பங்கு. அப்புண்ணைத் தாமே சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியிட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைத் தாமே கண்டறியும் பழக்கம் ரூயா போன்ற அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் மாணவருக்கு இயல்பாகவே வாய்க்கக்கூடியது. பிற்காலத்தில் பலமநேரிலோ புங்கனூரிலோ தனியே மருத்துவமனை நடத்தப் போகிறவருக்கு இந்தப் பழக்கம் எந்தக் கருவியையும்விட மதிப்புள்ளது.

யாருடைய கண்

தன்பொறுப்பைப் பற்றிய பேச்சில் நோயாளி பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜலந்தரில் பெருந்தொகையில் கண்புரை அறுவை செய்துவந்த அயர்லாந்துக்காரர் ஹென்றி ஸ்மித்திடம், அமெரிக்கக் கண் மருத்துவர்கள் கடல் கடந்து வந்து கை பழகிச் சென்றார்கள்; தம் நாட்டில் எளிதில் கிடைக்காத எண்ணிக்கை அவர்களுக்குப் பஞ்சாபின் ஏழை விவசாயிகளிடம் கிடைத்தது. பிற்காலத்தில் நம் முகாம்களிலும் பள்ளிக் கட்டடங்களை அரங்காக்கி அறுவை நடந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியுடன் ஆந்திரமும் தமிழ்நாடும் உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், நோயாளியை நிலையான மருத்துவமனைக்கு அழைத்து வரும் முறைக்கு வழி திறந்தது. குடிபாலாவிலிருந்து இலவச முகாம் வண்டியில் ஏறி வரும் முதியவருக்கு, தம் கண்ணில் கை வைப்பவர் யார் என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கட்டைவிரல் ரேகை வைப்பார். அவருடைய எஞ்சிய பார்வைக்கு ஒரு மூத்தவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்ற உறுதி இல்லாத இடத்தில் மாணவர் பெறும் சுதந்திரம், அந்த முதியவரிடமிருந்து கேட்காமல் எடுக்கப்பட்டது. கற்பவர் செய்யும் அறுவை தன்னளவில் தவறல்ல, அது இல்லாமல் அடுத்த தலைமுறை மருத்துவர் உருவாக முடியாது. அதை முறையாக்குவது மேற்பார்வை ஒன்றே.

களங்களின் இயல்பு

அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகள் ஏராளம், பொறுப்பு விரைவில் வந்துசேரும். அங்கே எல்லாம் யூனிட் எனப்படும் பிரிவையும் அதன் சீஃப்பையும் பொறுத்தது; ஒரே துறையின் இரு யூனிட்டுகளில் பயின்ற இரு மாணவர்களின் அனுபவம் வானுக்கும் மண்ணுக்கும் போல வேறுபடுவதுண்டு. பெரிய கண் மருத்துவ நிறுவனங்களில் படிமுறைப் பயிற்சியும் கணக்கெடுப்பும் செம்மையாக இருக்கும். ஆனால் அங்கு பெல்லோஷிப் எனப்படும் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சியில் இருப்பவர்களும் அரங்கில் காத்திருப்பார்கள், ஆகையால் கண்புரைக்கு அப்பாற்பட்ட அறுவைகளில் பட்ட மாணவரின் முறை எப்போது வரும் என்பதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம், நரம்பியல், குழந்தை மருத்துவம் ஆகிய துறைகளோடு சேர்ந்து சிந்திக்கும் வாய்ப்பு கிடைக்கிறது, ஆசிரியரின் கண்ணும் நெருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நோயாளிகளே அரிதாக வரும் புதிய தனியார் கல்லூரிகளில் தன்பொறுப்பா மேற்பார்வையா என்ற கேள்வியே எழாது. உயர்ந்த கட்டணத்தையும் புதிய கருவிகளையும் கண்டு அத்தகைய இடத்தை மேல்வரிசையில் வைப்பது பெருந்தவறு.

மாணவரின் சுபாவமும் இதில் சேரும். ஒருவர் பார்க்கும்போது கை நடுங்குபவரும் உண்டு, யாரும் பார்க்காதபோது அளவுமீறித் துணிபவரும் உண்டு. இரு சாராருமே தமக்கு இனிமையாகத் தோன்றும் இடத்தை அன்றி, தம் குறையைத் திருத்தும் இடத்தை நாடுவது நல்லது.

விசாரிக்கும் முறை

இறுதியாண்டு மாணவரிடம் மட்டும் கேட்பது போதாது, ஏனெனில் அவர் துறைக்குள் இருப்பவர். பட்டம் பெற்று ஓரிரு ஆண்டுகள் கடந்து வெளியே தனியாகப் பணியாற்றுபவரே தமக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தெளிவாக அறிவார். ‘கட்டிங் எப்படி?’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘உங்களுக்குக் கடைசியாக நேர்ந்த பி.சி. ரென்ட்டில் யார் பக்கத்தில் இருந்தார்கள், பிறகு என்ன நடந்தது?’ என்று கேட்டால், பதில் சொல்பவர் துறையைப் புகழவோ இகழவோ வழியின்றி நடந்ததைச் சொல்வார். இரவு இரண்டு மணிக்குக் கண் கிழிந்த காயத்தோடு ஒருவர் வந்தால் முதல் அழைப்பு யாருக்குப் போகும், அவர் வருவாரா, அழைத்ததற்காகக் கடிந்துகொள்வாரா என்பதும் அப்படிப்பட்ட கேள்வியே. அழைக்கவே மாணவர் அஞ்சும் துறையில் மேற்பார்வை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. நேரில் செல்ல முடிந்தவர்கள் அரங்கின் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கும் அன்றைய அறுவைப் பட்டியலில் அறுவையாளர் பெயர் வரும் இடத்தைப் படிக்க வேண்டும். எல்லா வரிகளிலும் சீஃப்பின் பெயரே இருந்தால், மாணவர் உண்மையில் எதைச் செய்கிறார் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை என்று கொள்ளலாம்.

மாவட்ட மருத்துவமனைப் பயிற்சியைப் பற்றியும் கேட்க வேண்டும். 2021ஆம் ஆண்டு சேர்ந்தவர்கள் முதல், மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று, நான்கு அல்லது ஐந்தாம் அரையாண்டில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவது கட்டாயம். அங்கு ஒரே ஒரு கண் மருத்துவர் இருக்கக்கூடும். தன்பொறுப்பில் முடிவெடுக்கவும், கருவி குறைந்த இடத்தில் எதைச் செய்யாமல் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பழகவும் அது அரிய வாய்ப்பு. தன் மாணவரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறோம், அங்கு அவரைப் பார்ப்பது யார் என்று துறைக்கே தெரியாவிட்டால் அந்த மூன்று மாதம் விடுமுறையாகக் கழியும்.

தரவரிசை எண் விரும்பிய இடத்தைத் தராமல் போவது பலருக்கும் நேர்வது. மேற்பார்வை குறைந்த இடத்தில் சேர்ந்தவர் தம் அறுவைகளை நுண்ணோக்கியின் கேமராவில் பதிவு செய்து, துறையில் கற்பிக்கும் விருப்பமுள்ள ஓர் உதவிப் பேராசிரியரைக் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை அவரோடு அமர்ந்து அதைப் பார்க்கலாம். தம் நோயாளிகளின் ஆறாம் வாரப் பார்வையைத் தாமே ஒரு நோட்டில் எழுதி வரலாம். மேற்பார்வை இறுகிய இடத்தில் சேர்ந்தவர் முழு அறுவையைக் கேட்டு மறுக்கப்படுவதைவிட, இந்த மாதம் சுரங்கம் மட்டும், அடுத்த மாதம் உறை திறத்தல் மட்டும் என்று படிகளைக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் இசைவார்கள். மூன்றாண்டுக்குப் பின் சீனியர் ரெசிடென்ட் பணியையோ பெல்லோஷிப்பையோ தேர்வு செய்யும்போது, முதல் இடத்தில் நிறையக் கிடைத்ததையே மீண்டும் தேடாமல், அங்கே குறைந்ததைத் தேட வேண்டும். ரூயாவில் தனியே முடிவெடுத்துப் பழகியவருக்குப் படிப்படியாகக் கையைத் திருத்தும் நிறுவனம் ஓராண்டாவது தேவை. கண்காணிப்பிலேயே வளர்ந்தவருக்கு, அழைத்தால் வரக்கூடிய மூத்தவர் ஒருவர் உள்ள, ஆனால் அழைக்காமல் வராத ஒரு மாவட்ட மருத்துவமனை தேவை.